எமன் அனுப்பிய பத்திரிகை

போன் அலறியது.

கோகுல்நாத் எடுத்தான். மறுமுனையில் கார்த்திகா. நாளைக்கு அவனோடு நிச்சயதார்த்தம் நடக்கவிருக்கிற பெண்.

"யாரு அவ?"

"எவ?"

"உன் போன்லேர்ந்து எல்லாருக்கும் பத்திரிகை வந்திருக்கு... 'எனக்குக் கல்யாணம், குடும்பத்தோட வாங்க'ன்னு. எங்க சித்திக்கு, அப்பாவுக்கு, நாளைக்கு வர்ற சமையல்காரருக்குக்கூட. நிச்சயத்தை நிறுத்தறேன்னு அப்பா கிளம்பிட்டாரு. எங்க இருக்க?"

"கரையான்சாவடி... தேவா கடையில."

லைன் செத்தது.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த செல்போன் ரிப்பேர் கடை தேவா, நண்பனின் போனைப் பிடுங்கி நெட்டை அணைத்தான்.

"மாமே, இன்னிக்கு எவன் பத்திரிகையாவது தொறந்தியா?"

"காலையில ஒண்ணு. பஸ்ஸுல தொங்கிகினே அமுக்கினேன். யார் அனுப்பினதுன்னு பாக்கல. தொறக்காம உட்டா சொந்தக்காரன் மூஞ்சத் தூக்குவான் இல்ல?"

"இன்ஸ்டால் பண்ணட்டுமான்னு அது இன்னான்னாவோ கேட்டிருக்குமே?"

"எல்லாத்துக்கும் ஓகே குட்த்தேன்."

"அது பத்திரிகை இல்ல, புழு... வைரஸ் ஜாதி. உள்ள பூந்துகினு, உன் போன்ல கீற அத்தினி நம்பருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கும். அதுல ஒருத்தன் தொறந்தா, அவன் போன்ல கீற நம்பருக்கெல்லாம்... இந்நேரம் பூந்தமல்லி தாண்டியிருக்கும்."

வெளியே மெட்ரோ தூணருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

பரந்தாமன். கார்த்திகாவின் அப்பா.

"மொத்தம் எத்தனை கல்யாணம் பண்ற உத்தேசம், தம்பி?"

"இவன் மேல தப்பில்ல சார்," என்றான் தேவா. "இவனுக்கு அனுப்பினவன் ஒருத்தன் கீறான். இப்பவே புட்ச்சிடலாம்."

நண்பனின் போன் திரையைத் தள்ளினான். தள்ளினான்... விரல் நின்றது.

"மாட்னான். பேரு எமன். யார்ரா எமன்?"

கோகுல்நாத் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அந்த நம்பருக்கு அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான்.

"மச்சான்... போன் பண்ணாத."

பண்ணிவிட்டான்.

மறுமுனையில் ரிங் போனது...

பரந்தாமனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவர் மெதுவாக எடுத்துப் பார்த்தார்.

"எனக்கும் காலையில ஒரு பத்திரிகை வந்துச்சு... எந்த மண்டபம், என்ன சாப்பாடுன்னு பாக்கத்தான் தொறந்தேன்..." குரல் தேய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது. "எமனா... நானா?"

தேவா எட்டி, அவர் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்த பெயரைப் படித்தான்.

சனியன்.

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி மட்டும் விடாமல் அடித்தது.

தேவா அழைப்பைத் துண்டித்தான்.

"எமனும் சனியும் கூடப்பொறந்தவங்கதானே சார்... சொந்தம் ஏற்கெனவே ஆயிப்போச்சி. நாளைக்குத் தட்டு மாத்தறது மட்டுந்தான் பாக்கி."