யாரும் படுக்காத படுக்கை

பேருந்து அவர்களை இறக்கிவிட்ட இடத்தில் சாலை மூன்றாகப் பிரிந்தது. பிரியும் இடத்தில் பயண உதவி அலுவலகம் ஒன்று இருந்தது. சுவரில் வளைகுடாவின் பெரிய வண்ணப்படம் தொங்கிற்று. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பழகிய குரலில் கேட்டாள்.

“உங்களுக்கு எந்த மாதிரி இடம் பிடிக்கும்? அதைச் சொல்லிட்டா கரையை நான் சொல்லிடுவேன். ஆட்டம் பாட்டம்னா தென்கரை. குழந்தை குட்டின்னா நடுக்கரை. ஒதுங்கி நிம்மதியா இருக்கணும்னா வடமுனை.”

“தென்கரை,” என்றார் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். விடுமுறையிலும் நாலு பேர் இரைச்சல் காதில் விழாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் மனைவி. “எந்தக் கரைக்கு ஜனங்க கம்மியா வருவாங்கம்மா?”

“வடமுனைக்குத்தான்.”

“அங்கயே போறோம்.”

அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். பிறர் உடல் பட்ட துணியில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பதை நாள்தோறும் கண்டு கண்டு, அந்நியர் படுத்த படுக்கையில் அவள் உட்காரக்கூட மாட்டாள். விரிப்புகள், தலையணை உறைகள், குவளைகள், சோப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்துக் கொண்டு வந்திருந்தாள். தனக்காக மட்டும் அன்று. உடன் வந்திருந்த தங்கைக்காகவும்தான்.

நீண்ட காய்ச்சலிலிருந்து மீண்ட சின்னவளுக்கு உணவென்றாலே குமட்டல் ஆகிவிட்டது. கன்ன எலும்புகள் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. “இடம் மாறி, கடற்காற்று பட்டாவது சாப்பிடறாளா பாருங்க. திரும்பி வந்தும் சாப்பிடலைன்னா மூக்கு வழியாக் குழாய்தான்,” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குழாய் போட்டவர்களின் விரிப்புகள் கடைசியில் எவ்வாறு கீழே சலவைக்கு இறங்கி வரும் என்பது அக்காளுக்குத் தெரியும். ஆகவே, தங்கை ஒருவாய் உண்ண வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவே இல்லை.

வடமுனையில் சாலை முடிந்துபோயிற்று. மணலையொட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். அங்கே கடல் நீலமாக இல்லை. பாத்திரம் கழுவிய நீரின் நிறத்தில் இருந்தது. அலைகள் விட்டுச் சென்ற பழுப்பு நுரை உடையாமல் மணலில் கிடந்து, காற்றுப் படும்போதெல்லாம் கொழுப்பைப் போல் நடுங்கிற்று.

“சீ!” என்று மூக்கைப் பொத்தினார் ஓட்டுநர். “காசு குடுத்து இந்த நாத்தத்தை மோந்து பார்க்கணுமா?”

“நாலு பேர் எச்சில் இல்லாத நாத்தம். பரவாயில்லை, வாங்க,” என்றாள் அக்காள்.

அந்த வீடுகளின் காப்பாளர் சாவிக்கொத்துடன் வந்தார். கடைசி வீட்டில் வெகுகாலமாக எவரும் தங்கவில்லை என்று அவர் சொன்னதுதான் தாமதம், அக்காள் அதையே கேட்டாள். அவர் சற்றுத் தயங்கினார்.

“அங்க குளியலறைல தண்ணி மெதுவாத்தான் இறங்கும்மா. நீங்க எதுவும் பண்ண வேணாம். தானா வடிஞ்சிடும்.”

வீடு துப்புரவாகவே இருந்தது. சன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள், தூசி இல்லை. ஆனால் வாடை இருந்தது. ஈரத் துணியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டால், திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அதற்கும் அடியில், விடிந்து வெகுநேரமாகியும் துலக்காத வாயின் வாடை.

அவள் சன்னல்களைத் திறந்து வைத்தாள். பழைய விரிப்புகளை இரு விரல்களால் உருவி மூலையில் போட்டாள். தன் விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து விரித்துவிட்டுக் கைகால் கழுவச் சென்றாள்.

திரும்பி வந்தபோது படுக்கையின் ஒரு பக்கம் கசங்கியிருந்தது.

“அதுக்குள்ள புரண்டாச்சா? சட்டையாவது மாத்தியிருக்கலாம்ல?”

வாசலில் நின்றிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “நான் இன்னும் செருப்பே கழட்டலை. உன் தங்கச்சி இங்கதான் என்கூட இருக்கா. வேற யாராச்சும் வந்து படுத்தாங்கன்னா, வாடகையில பாதியை வாங்கிடு.”

அவள் உள்ளங்கையை விரிப்பின்மேல் வைத்தாள். ஈரமாக இருந்தது. அந்த ஈரம் குளிர்ந்ததன்று. சற்றுமுன் எழுந்து போனவரின் வியர்வையைப் போல் வெதுவெதுப்பானது. தலையணையில் ஒரு தலையின் குழி. குழியின் ஓரத்தில் எச்சில் வழிந்த மஞ்சள் கறை. கையை எடுத்தபோது, விரலுக்கும் துணிக்கும் இடையே மெல்லிய இழை ஒன்று நீண்டு அறுந்தது.

அவள் ஓடிப்போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மாலையில் கொண்டுவந்த ரொட்டியையும் சூப்பையும் சின்னவள் பார்த்தாள். கரண்டியை உதடு வரை கொண்டுபோனாள், தோள்கள் குலுங்கின.

“முடியலைக்கா. அப்புறம் சாப்பிடறேன்.”

“ஒரே ஒரு வாய்டி. என் கண்ணுல்ல?”

“வேணாம்க்கா. உள்ள போகவே மாட்டேங்குது.”

அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிரவு மூவரும் நாற்காலிகளிலேயே கண்ணயர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அக்காள் குளிக்கையில் நீர் கணுக்கால் வரை தேங்கிவிட்டது. அதன்மேல் ஆறிய பாலின் ஆடையைப் போல் ஒன்று படர்ந்திருந்தது. நிற்கும்போதே, மென்மையான ஏதோ ஒன்று அவள் காலைத் தடவிவிட்டு ஒதுங்கிற்று. வேறு எவராயினும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். அவளால் இயலவில்லை. அடைபட்ட குழாயை அப்படியே விட்டுச் செல்வதென்பது அவள் வாழ்நாளில் இல்லாத வழக்கம்.

உடுத்திக்கொண்டு, அலமாரியில் சட்டை தொங்கவிடும் கம்பி மாட்டியை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்தாள். வடிகுழாயின் சல்லடை மூடியைப் பெயர்த்துவிட்டு உள்ளே செலுத்தினாள்.

சிக்கிக்கொண்டது. இழுத்தாள்.

முடி.

நரைத்த, நீண்ட முடி. சோப்புக் கசடு அப்பியிருந்தது. இடையிடையே வெட்டிய நகத் துண்டுகள். மென்று துப்பிய இறைச்சிச் சவ்வு. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு இழுத்தாள்.

அதில் சூடு இருந்தது.

இன்னும் கொஞ்சம் இழுத்தபோது, கீழிருந்து அதை யாரோ பற்றி இழுத்தார்கள்.

அவள் இரு கைகளாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். சட்டென்று விடுபட்டது. குழாய்க்குள்ளிருந்து, வயிறு நிறைய உண்டவர் விடும் ஏப்பத்தைப் போல் ஓர் ஓசை எழுந்தது. தேங்கிய நீர் முழுவதும் ஒரே மடக்கில் இறங்கிப்போயிற்று.

அந்தச் சுருளைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, வாயை இறுகக் கட்டி, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

“அக்கா, பசிக்குது.”

எத்தனை நாளாக ஏங்கிய சொல்! அக்காளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையைக் கழுவவும் மறந்து ஓடினாள். சின்னவள் நேற்றைய ரொட்டியை எடுத்து, ஆறிப்போன சூப்பில் தோய்த்து, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டிருந்தாள். சூப்பின்மேல் கொழுப்பு உறைந்து வெள்ளையாக மிதந்தது. அதை விரலால் வழித்து நக்கினாள்.

“புதுசா வாங்கிட்டு வரச் சொல்றேன்டி. அது கெட்டுப்போயிருக்கும்.”

“இதுதான் நல்லாருக்கு.”

ஓட்டுநர் மனைவியைத் தனியே அழைத்தார். “எனக்கு இங்க சரியாப் படலை. நேத்து நான் மென்னு துப்பின எலும்பை எடுத்துச் சப்பிட்டிருக்கா. கெளம்பிடுவோம்.”

“சாப்பிடறாளேங்க! கண்ணு போடாதீங்க.”

“நீயா பேசறே? என் டம்ளர்ல தண்ணி குடிக்காதவ நீ.”

அவளுக்கு அருவருப்பு தொண்டை வரை வந்து நின்றது. ஆயினும் தங்கையின் கழுத்தில் ஒவ்வொரு கவளமும் இறங்குவதைப் பார்த்தபோது, அதை அவளால் விழுங்கிக்கொள்ள முடிந்தது.

நண்பகலில் வெயில் உறைந்து நின்றது. அலையின் ஓசைகூடக் கேட்கவில்லை. அக்காளும் ஓட்டுநரும் உணவு வாங்கித் திரும்பியபோது வாசல் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் பை கிழிந்திருந்தது.

பை வெறுமையாக இருந்தது.

“சின்னு?”

குளியலறையில் விளக்கு எரிந்தது. சின்னவள் முதுகைக் காட்டியபடி தரையில் அமர்ந்திருந்தாள். அவள் தாடை மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. ஈரமான, சப்பும் ஓசை.

அக்காள் அவள் தோளைத் திருப்பினாள்.

உதட்டோரத்தில் ஒரு நரைமுடி தொங்கிற்று.

அக்காள் அதைப் பிடித்தாள், இழுத்தாள். அது நாக்கிலிருந்து வரவில்லை. தொண்டையிலிருந்து வந்தது. வெதுவெதுப்பாக, எச்சில் சொட்டச் சொட்ட, நீண்டுகொண்டே வந்தது. அதனோடு பிணைந்து நகத் துண்டுகளும் வந்தன.

“என்னால பார்க்க முடியலை,” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார் ஓட்டுநர்.

சின்னவளின் கை எழுந்து அக்காளின் மணிக்கட்டைப் பற்றியது. பிறந்தது முதல் அக்காளை ‘நீ’, ‘அக்கா’ என்று மட்டுமே அழைத்த வாய், முதிய பெண்ணின் களைத்த குரலில் தாழ்ந்து பேசிற்று.

“விடு தாயி, வலிக்குது. நான் சாப்பிட்டு எவ்ளோ காலமாச்சு தெரியுமா?”

முடி அக்காளின் விரல்களிலிருந்து நழுவித் தொண்டைக்குள் திரும்பிப் போயிற்று. சின்னவள் அதை விழுங்கினாள்.

பெட்டியைக்கூட மூடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிரே வந்த காப்பாளர் திறந்திருந்த கதவின் வழியாகக் குளியலறையைப் பார்த்தார். தரை உலர்ந்திருந்தது. காற்றை மூக்கால் இழுத்துப் பார்த்தார். வாடை போயிருந்தது.

“அடைப்பை எடுத்துட்டீங்களா?”

அவர் சின்னவளின் வாயைப் பார்த்தார். உடனே இரண்டடி பின்வாங்கினார். சாவியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“இனிமே இந்த வீட்டையும் நல்ல வாடகைக்கு விடலாம்,” என்று, அவர்களுக்கென்றில்லாமல் மெதுவாகச் சொன்னார்.

எஞ்சிய விடுமுறையைத் தென்கரையில் கழித்தார்கள். ஒலிபெருக்கிகள், பொரித்த எண்ணெயின் நெடி, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். எத்தனையோ பேர் படுத்தெழுந்த படுக்கையில் அக்காள் வாய் திறவாமல் படுத்தாள். சின்னவள் முன்போலவே பேசினாள். “மாமா, உங்க தொப்பை எனக்கு முன்னாடி தண்ணிக்குள்ள போகுது,” என்று கேலி செய்தாள். வடமுனையைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. வேளை தவறாமல் உண்டாள். ஊர் திரும்பியபின், மருத்துவர் அவள் கன்னத்தைத் தட்டி, குழாயைப் பற்றிய பேச்சே இனி வேண்டாம் என்றார். நடந்ததைக் காய்ச்சலின் மிச்சம் என்று அக்காளும் தேற்றிக்கொண்டாள். தேறியவளைப் பார்த்துக்கொண்டே அப்படி நம்புவது எளிதாக இருந்தது.

சில வாரங்கள் சென்றபின் சின்னவள் பல் வலிக்கிறதென்றாள். பல் மருத்துவர் விளக்கை இழுத்து, அவள் வாய்க்குள் சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால கூடுதலா ஒண்ணு இருக்கு. இதுல இருக்கிற சொத்தையை எங்க சிமென்ட் வெச்சு அடைச்சீங்க?”

“அவ பல் டாக்டர்கிட்ட வர்றதே இதுதான் முதல் தடவை,” என்றாள் அக்காள்.

“இல்லைங்களே, வெச்சிருக்கு. ரொம்பப் பழைய வேலை. பல்லும் நல்லாத் தேஞ்சிருக்கு, வயசானவங்க பல் மாதிரி. ஈறுல பக்கத்திலயே இன்னும் ரெண்டு தலை தூக்குது.” அவர் முகமூடியைச் சரிசெய்துகொண்டார், நாற்றம் தாளவில்லை போலும். “புடுங்கிடலாமா?”

அக்காள் தங்கையைப் பார்த்தாள். கன்னங்கள் நிறைந்திருந்தன. கழுத்தெலும்பு மறைந்திருந்தது. விளக்கொளியில் அந்த முகம் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தது.

“அதால சாப்பாட்டுக்கு ஏதாவது இடைஞ்சல் உண்டா டாக்டர்?”

“அப்படி ஒண்ணும் இல்லை.”

“அப்போ இருக்கட்டும்.”

மருத்துவர் கண்ணாடியை வெளியே எடுத்தார். சின்னவள் வாயை மூடிக்கொண்டு, அக்காளைப் பார்த்துக் கனிவாகப் புன்னகை செய்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன; தாடை அசையவில்லை.

ஆயினும் உள்ளே எதுவோ மென்றுகொண்டிருந்தது.