தட்டினால் கேட்கும்

புதுக் கண்ணாடி வால்வு போட்டதும் பழைய அம்பிளிபயர் மிகத் துப்புரவாகப் பாடியது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை, பாட்டு முடிந்தால் அறை முழுக்க அமைதி. கௌசலா தன் கைவேலையைத் தானே மெச்சியபடி கஞ்சிக் கரண்டியை அம்மாவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அது திங்கட்கிழமை. இன்று வெள்ளி. இடையில் உள்ளே போனதெல்லாம் நாலைந்து கரண்டி தண்ணீர்தான்.

கௌசலாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. விசுவமடுச் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவள் அவள். ஊராரின் செத்த போன்களுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவளுக்குச் சொந்தத் தாயின் ஒரு பாட்டுப் பெட்டி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வடிவம்மா பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். பேச்சில்லை, வலப்பக்கம் அசையாது. அன்றிலிருந்து அந்த அம்பிளிபயர் ஓடினால்தான் வாய் திறப்பாள். அதே நாதஸ்வரத்தைப் போனில் போட்டாலும், புளூடூத் ஸ்பீக்கரில் போட்டாலும் கண்ணை மூடிக்கொள்வாள்.

அம்பிளிபயர் அப்பா நடராசா தன் கையால் பூட்டியது. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். 2009 தையில் சண்டை நெருங்கி ஊர் கிளம்பியபோது எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: அம்பிளிபயரையும் வால்வுகளையும் தகரப் பெட்டியில் வைத்து, ஷெல்லடிக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டியிருந்த பங்கரின் வாசலுக்குள் இறக்கி, மண்ணைப் போட்டு மூடினார். கௌசலாவும் மண்வெட்டி பிடித்தாள். ‘ட’ எழுத்துப்போல மடங்கிய பங்கர் அது. வாசல் பக்கத்தை நிரப்பி முடிக்கவே கை கொப்பளித்துவிட்டது. தம்பி சாருஜன் சித்தப்பாவின் உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். இரண்டு நாள் கழித்துச் சுதந்திரபுரத்தில் சித்தப்பாவைக் கண்டபோது அவர், “அவன் உங்களோடயெல்லோ நிண்டவன்?” என்றார்.

ஒன்பது வயது. சனத்துக்குள் தவறிய பிள்ளை என்று பதிந்தார்கள். அவனுடைய படத்தை ஏந்திக்கொண்டு அம்மா போய் நிற்காத இடமில்லை. மீளக் குடியேறியபோது பங்கர் வாசலை மட்டும் தோண்டிப் பெட்டியை எடுத்தார்கள். உள்மடிப்பு இடிந்து கிடந்தது. வெடிபொருள் கிடக்கும் என்ற பயத்தில் அதை அப்படியே மூடிவிட்டார்கள். பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது, “என்ர அறை இதிலதான் வேணும்” என்று அம்மா அந்த இடத்திலேயே பிடிவாதமாக நின்றாள். அப்பா இறந்தபின் அம்பிளிபயரையும் அந்த அறைக்குள் எடுத்துக்கொண்டாள். மேசையில் வைக்க ஒருபோதும் விடவில்லை. கட்டிலடியில், வெறும் சீமெந்து நிலத்தில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு பழைய வால்வு காற்று இழுத்துவிட்டது. அதன் வெள்ளித் தலை பால்போல வெளிறிப் போயிருந்தது. அது ஈசிசி 83 என்ற வகை. வவுனியாவில் ஒருவரிடம் புதியது கிடைத்தது. போட்டாள், நன்றாகப் பாடியது, அம்மா வாயை மூடினாள். அவரே ஈசிசி 82 ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதைப் போட்டதும் சத்தம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. அவருக்குப் போன் எடுத்தாள்.

“ஒரு நம்பர்தானே தங்கச்சி குறையுது. போட்டுப் பாருங்கோ.”

“போட்டுப் பாத்திட்டுத்தான் அண்ணை எடுக்கிறன்!”

அடுத்தது ரஷ்ய வால்வு. அச்சாகப் பொருந்தியது, ஆனால் உள்ளே செந்தணல் பிடிக்கவில்லை. சூடாக்கும் கம்பிகளுக்கு அதில் வேறு கால்கள். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வயரை மாற்றி ஈயம் வைத்தாள். அதுவும் அருமையாகப் பாடியது. அம்மா அதையும் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கௌசலா வயர் வெட்டும் குறட்டைச் சுவரில் எறிந்தாள்.

வெள்ளி மத்தியானம் பக்கத்து வீட்டு ரஜிதா வந்தாள். தாதியாக வேலை செய்பவள். அம்மாவின் கைத்தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது.

“நாளைக்கும் இப்பிடியெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும் அக்கா. மூக்காலதான் சாப்பாடு குடுப்பினம். இந்த உடம்பு தாங்குமோ தெரியேல்லை.”

“பின்னேரத்துக்குள்ள சாப்பிடப் பண்ணுறன்” என்றாள் கௌசலா.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி வழியாக அப்பாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். பங்கர் மண் இன்னும் அதன் மூலைகளில் ஒட்டியிருந்தது; பதினைந்து வருடம் கழித்தும் ஈரமண் வாசம். அடியில், சீலைத் துண்டில் சுற்றிய ஒரு ஈசிசி 83. அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘தட்டினால் கேட்கும். பாவிக்கக் கூடாது.’

அவளுக்கு அப்போதுதான் வெளித்தது. சில வால்வுகள் வயது போக மைக் போலாகிவிடும். நிலம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வு ஸ்பீக்கரில் கேட்கும். பழைய வால்வும் அப்படிப்பட்டதுதான். பாட்டுக்கு நடுவே எப்போதும் ஏதோ தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். அம்மா பழகியது அந்த இரைச்சலுக்கு. ஐந்து நாளாக நல்ல வால்வைத் தேடி அலைந்திருக்கிறாள். தேட வேண்டியது கெட்ட வால்வை. மடச்சி என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள்.

வயர்களைப் பழையபடி மாற்றி அந்த வால்வைப் பூட்டினாள். மழை ஈரத்துக்குப் பயந்து மேசைக்கு ஏற்றியிருந்த அம்பிளிபயரை மறுபடி கட்டிலடியில் இறக்கினாள். சுவிச்சைப் போட்டாள். செந்தணல் பிடித்தது. தூசி சுடும் மணம் வந்தது. அம்மா தலையைத் திருப்பினாள். ஐந்து நாளில் முதல் தடவையாக.

நாதஸ்வரம் தொடங்கியது. அடியில் ஒரு கரகரப்பு, அதற்குள் ஓட்டில் விழும் மழை, தன் கால் நிலத்தில் தேயும் சத்தம், கட்டில் முனகல் எல்லாம் ஸ்பீக்கருக்குள்ளிருந்து பெரிதாகக் கேட்டன. கௌசலாவுக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிக் கோப்பையை எடுத்தாள்.

பாட்டு முடிந்தது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம்.

டக். டக். டக்.

மழைத்துளி என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. அவசரமில்லாத, பொறுமையான தட்டு. அம்பிளிபயரைத் தூக்கினாள், நின்றுவிட்டது. கீழே வைத்தாள்; கேட்டது. கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் தள்ளினாள். இன்னும் பலமாகக் கேட்டது. அம்மாவின் கண்கள் நிலத்திலேயே இருந்தன. கடைவாயில் எச்சில் ஒழுக, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனியன் பிடித்த வால்வு. கௌசலா எரிச்சலோடு பென்சிலை எடுத்தாள். வால்வைச் சோதிக்கிற எவரும் செய்வதுதான். கண்ணாடியில் மெல்லத் தட்டிப் பார்ப்பது. மூன்று தரம் தட்டினாள். சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகி நிலமெல்லாம் அதிர்ந்தது.

டக். டக். டக்.

கீழே தட்டுவது நின்றது.

அம்மாவின் இடக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த மெலிந்த கைக்கு இவ்வளவு பலமா?

அப்போதுதான் கௌசலாவுக்கு நினைவு வந்தது. ஷெல் கூவினால் தம்பியைப் பங்கரின் உள்மடிப்புக்குள் தள்ளிவிடுவது அவளுடைய வேலை. “நான் மூண்டுதரம் தட்டுமட்டும் வெளியில வரப்படாது” என்று சொல்லித்தான் அனுப்புவாள். ஓய்ந்ததும் வாசல் பனங்குற்றியில் மூன்று தட்டு. அவனும் உள்ளிருந்து மூன்று தட்டி, “அக்கா, வரட்டே?” என்பான். சொன்ன சொல் தவறமாட்டான்.

கடைசி நாள் காலையிலும் அவனை உள்ளே அனுப்பியவள் அவள்தான்.

அன்றைக்கு அவள் தட்டவில்லை. மண்தான் போட்டாள்.

ஸ்பீக்கரில் மணல் சரிந்தது. கொஞ்சம். பிறகு நிறைய. விறாண்டுகிற சத்தம். நகத்தால். கைநிறைய அள்ளி ஒதுக்குகிற சத்தம். மேலே வருகிறது.

“அக்கா…”

மண் அடைத்த சின்னக் குரல்.

“…வரட்டே?”

கௌசலா வயரைப் பிடுங்கி எறிந்தாள். வால்வுகளின் தணல் மெல்ல மங்கியது. ஒவ்வொன்றாக. கடைசிச் சிவப்பும் அணைந்தது. ஸ்பீக்கர் செத்தது.

விறாண்டுவது நிற்கவில்லை. அது இப்போது ஸ்பீக்கரில் இல்லை. காலுக்குக் கீழே.

கட்டிலடிச் சீமெந்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. அது நீண்டது. அதற்குள்ளிருந்து காய்ந்த மணல் சிறுகச் சிறுக மேலே தள்ளப்பட்டு, அவளுடைய கால்விரல்களில் வந்து ஏறியது. காலை இழுக்கப் பார்த்தாள். அம்மா மணிக்கட்டை விடவில்லை. மகளை இறுக்கப் பிடித்தபடி, கண்கள் அந்தக் கீறலிலேயே இருக்க, வடிவம்மா சோற்றுக்குப் போலத் தன் வாயை அகலத் திறந்தாள்.