காய்ச்சல் நாளில் பூட்டிய கட்டுரைகள்

நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். தவறினால் மோசடிப் புகார். பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தை நீட்டினாள் மாணவி ஃபாயிஸா. அன்று வியாழன்.

மதுரை சிம்மக்கல்லில் தன் வீட்டு மேசையில் வைத்து, ஓய்வுபெற்ற நூலகர் விஜயம் அதை இரண்டு தரம் படித்தார்.

“எந்த வேலைக்குக் குடுத்த பணம்மா?”

“எங்க பேராசிரியருங்க எழுதுன ஆயிரத்து நாப்பது ஆய்வுக் கட்டுரையில, யாரு வேணா காசில்லாமப் படிக்கிற மாதிரி எம்புட்டு இருக்குன்னு எண்ணணும். கட்டுரைக்கு நாப்பது ரூவா. நூத்துக்கு எண்பத்தெட்டுன்னு குடுத்தேன். நியூஸ் பேப்பர்காரவுக பாத்தா பாதிக்கு மேல காசு கட்டாமத் திறக்காதாம், பூட்டியிருக்காம். எண்ணாமலே இட்டுக்கட்டிட்டேங்கிறாக. உம்மாகிட்ட இன்னும் சொல்லல மேடம். வாசல்ல பைக் நின்னாலே போலீஸோன்னு எட்டி எட்டிப் பாக்குறேன்.”

கூட வந்திருந்த பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஜுல்பிகர் துள்ளினார். “அந்தப் பதிவாளர்தான் நம்பர மாத்திருப்பாரு! நான் வாரேன், ஒரு கை பாப்போம்!”

“சும்மா இருங்க பாய். பட்டியலக் காட்டும்மா.”

விஜயத்தின் விரல் தேதிகளின் மேல் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. “பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. இந்த மூணு நாள்ல அம்பத்தேழு பாத்திருக்க. முப்பத்தொம்பது பூட்டு. மத்த நாள்ல பத்துக்கு ஒண்ணுகூடப் பூட்டில்ல. அன்னிக்கு எங்க இருந்த?”

“காய்ச்சல் மேடம். வீட்லருந்து போன்ல பாத்தேன். மத்ததெல்லாம் நூலகக் கம்ப்யூட்டர்ல.”

“காய்ச்சல் ஒனக்கா, கட்டுரைக்கா தங்கச்சி?” ஜுல்பிகர் சிரித்தார். விஜயம் அந்த முப்பத்தொம்பதில் ஒன்றைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பதிவாளர் சூரியபிரகாஷின் அறையில் ஃபாயிஸா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஜயம் காட்டிய கட்டுரையைப் பதிவாளர் தன் கணினியில் தட்டினார். திறந்தது.

“இப்ப உங்க போன்ல பாருங்க சார். இங்கத்த வைஃபைய அணைச்சிட்டு,” என்றார் விஜயம்.

போனில் அதே கட்டுரை காசு கேட்டது. பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆய்விதழ்களுக்குப் பல்கலைக்கழகம் வருசா வருசம் சந்தா கட்டுது. அதனால உள்ள உக்காந்து பாத்தா பூட்டுனதும் திறக்கும். இந்தப் பிள்ளை ஒவ்வொண்ணாத் தட்டித்தான் பாத்திருக்கா. இட்டுக்கட்டுறவ, காய்ச்சல்ல கெடந்த நாளுக்கு மட்டும் பூட்டுன்னு எழுதுவாளா? அறிக்கையில ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு கையெழுத்து உங்களோடது. நீங்க எங்க உக்காந்து சரிபாத்தீங்க சார்?”

பதிவாளர் குனிந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“வெளியருந்து எண்ணுனா எம்புட்டும்மா வரும்?” என்று ஃபாயிஸாவிடம் கேட்டார்.

“நூத்துக்கு முப்பது... முப்பத்திரண்டு. அதுக்கு மேல தாண்டாது சார்.”

“துணைவேந்தர் மேடையேறி எண்பத்தெட்டுன்னு சொல்லிட்டாரே!” இப்போது பதிவாளருக்கு வியர்த்தது.

“நானே வீட்லருந்து திரும்ப எண்ணித் தாரேன் சார்,” என்றாள் ஃபாயிஸா. நாற்காலியிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

பதிவாளர் பேனாவைத் திறந்து, கடிதத்தின் குறுக்கே ‘வசூல் ரத்து’ என்று எழுதித் தேதி போட்டார்.