இருபத்து நாலாவது லேபிள்

இருபத்து நாலாவது லேபிளில் அம்மா பேர் இல்லை.

மற்ற இருபத்து மூன்றிலும் ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது: கலியபெருமாள் – பூவம்மாள், அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர், 12ஆம் தேதி. கடைசிக் கட்டத்தில் மட்டும் அப்பா பேர், பக்கத்தில் வெள்ளையாக ஒரு இடம். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. "ஏன் இப்படி என் உசிர வாங்குற?" என்று பிரிண்டரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள் வானதி.

காலையிலிருந்து இதே கூத்து. முதலில் வாங்கி வந்தது ஒரு ஷீட்டுக்கு இருபத்தோரு லேபிள். இவள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த அளவோ இருபத்து நாலுக்கு. அடித்தால் எழுத்தெல்லாம் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழ்வேளூர் கடைத்தெருவுக்கு மழையில் மறுபடி ஓட்டம். ஸ்டேஷனரி கடை கமருன்னிஸா அக்கா சிரித்தேவிட்டாள்.

"ஏ ஃபோர்னு பாத்தா மட்டும் போதுமா? ஒரு ஷீட்டுல எத்தனை லேபிள், சுத்தி எவ்வளவு ஓரம், உன் பிரிண்டருக்கு ஒத்துக்குமா, எல்லாம் அட்டையிலயே போட்டிருக்கும்மா. மொதல்ல வெத்துத் தாள்ல அடிச்சு, ஷீட்டு மேல வச்சு வெளிச்சத்துல பாரு. இருபத்து நாலுல இந்த மூணு ஷீட்டுதான் மிச்சம். வீணாக்கிடாத."

வெற்றுத் தாளில் அடித்து, ஜன்னலில் வைத்துப் பார்த்தாள்தான். அப்போது இம்மி பிசகாமல் பொருந்தியது. அந்தத் தாளில் அம்மா பேர் இருபத்து நாலு இடத்திலும் இருந்தது.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து மீண்டு வந்தார். அறுபது முடியட்டும், எமனையே எட்டி உதைத்த சாமி முன்னால் இரண்டு பேரையும் மாலை மாற்ற வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள் வானதி. அந்த நாள் நாளைக்கு. அதுவரை அப்பாவை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வரும். அதற்குள் எழுபத்திரண்டு தாம்பூலப் பையிலும் லேபிள் ஒட்டியாக வேண்டும்.

"என்ன வானதி, முடிஞ்சுதா?" பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா குரல் கொடுத்தார்.

"ஒண்ணுல அம்மா பேர் விழலப்பா."

"விழாட்டி போகுதுடி. என்னை ஊருக்குத் தெரியாதா?" என்றாள் அவர் பக்கத்தில் படுத்திருந்த அம்மா.

"போம்மா, அப்பா பேர் மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கு?"

இரண்டாவது ஷீட்டை விட்டாள். வெளியே வாய்க்கால் நிறைந்து ஓடும் சத்தம், பக்கத்து அறையில் மின்விசிறி கடகடக்கும் சத்தம், இரண்டுக்கும் நடுவில் பிரிண்டர் சூடான பசை வாசனையோடு முனகி முனகித் தாளைத் துப்பியது. இந்தத் தடவை கடைசி வரிசை மூன்றிலும் அம்மா பேர் இல்லை. மூன்றாவது ஷீட்டில் கீழ்ப்பாதி முழுக்க, பன்னிரண்டில். அழுகையே வந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா?

"சனியன், நீ போடாட்டி நான் போடுறேன்" என்று பேனாவை எடுத்தாள்.

ஒவ்வொரு வெள்ளை இடமாக, பூவம்மாள், பூவம்மாள் என்று குண்டு குண்டாக எழுதிக்கொண்டே போனாள். மண்வாசனையும் பசை வாசனையும் மங்கி, ரோஜாமாலையும் ஊதுவத்தியும் கலந்த வாடை வந்தது. மாலை இன்னும் வாங்கவில்லை. ஊதுவத்தி யார் ஏற்றினார்கள்? எழுந்து பார்க்க நேரமில்லை. பதினாறாவதையும் எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

அப்போதுதான் தேதியைப் பார்த்தாள்.

26ஆம் தேதி.

எழுதிய பதினாறிலும் 26. மற்றதில் எல்லாம் 12. பேர் இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். இன்றைக்குப் பதினொன்று. விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இன்றிலிருந்து பதினாறாம் நாள்.

கருமாதி நாள்.

அப்பா பேரில் மட்டும் வந்த பத்திரிகை அது. அதில் அம்மாவையும் சேர்த்து எழுதியது இவள் கை.

"ஐயோ."

துக்கப் பத்திரிகை வந்தால் படித்த கையோடு கிழித்துவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். கிழிக்கப் பார்த்தாள். முதுகுத் தாள்தான் கிழிந்தது. லேபிள்கள் கழன்று வந்து விரலில் ஒட்டின. உதறினாள். உள்ளங்கையில் ஒட்டின. பேனாவால் பேரை அடித்தாள். மை வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

மின்விசிறி நின்றிருந்தது.

"அப்பா?"

வாய்க்கால் சத்தம்கூட இல்லை.

"அம்மா... ஏதாவது பேசேன்ம்மா."

கையைப் பார்த்தாள். லேபிள் ஒன்றுகூட இல்லை. தரையிலும் இல்லை. பக்கத்து அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஊதுவத்தி வாடை அங்கிருந்துதான்.

தள்ளினாள்.

இரண்டு பேரும் மல்லாந்து, தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. நாலு கால்களும் கதவைப் பார்த்து விறைத்து நின்றன. அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, துணிக்குப் பதில், வெள்ளை லேபிள் சுற்றியிருந்தது. அம்மாவின் விரல்களிலும். அதில் மை இன்னும் காயவில்லை. குண்டு குண்டாக, வானதியின் கையெழுத்து.