ஓரக்கண்ணில் சிக்கிய மண்டலம்

பள்ளியில் எல்லோரும் அவளைக் கிறுக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் யானை வரைந்தால் ஆட்டோ மாதிரி இருக்கும். வேறென்ன பெயர் வைப்பார்களாம்?

அவளுடைய அத்தை பேருந்து ஓட்டுநர். மொட்டை மாடியில், ஏணி போட்டு ஏறிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய தொலைநோக்கியைத் தன் கையாலேயே செய்தவர். போன மாதம் அதில், நம் பால்வெளிக்கும் அப்பால், கோடிக்கணக்கான விண்மீன்கள் திரண்ட ஒரு மண்டலத்தைப் பார்த்தார். சுருளும் இல்லை, வட்டமும் இல்லை, ஓர் ஒழுங்கே இல்லாத மண்டலம். பார்த்ததை வரைந்தும் கொடுத்தார்.

வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளரான மருந்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். "இது மண்டலமா, காபிக் கறையா?"

சங்க நோட்டில் சிவப்பு மையால் 'சந்தேகம்' என்று எழுதினார். படத்தை உறையில் போட்டு ஒட்டினார். இன்னொருவர் அந்தப் படத்தைப் பார்க்காமலே, தொலைநோக்கியில் தெரிவதை வரைந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் 'உறுதி'. அத்தை அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. கிறுக்கலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வரையறேன் அத்தை!"

அந்த மண்டலம் தெரியக்கூடிய கடைசி நிலவில்லா இரவு இன்றுதான். விட்டால் அடுத்த வருடம்தான்.

முதலில் செயலாளர், கைபேசியை நோண்டியபடியே வந்து ஏணியில் ஏறினார். ஒரே நிமிடம். "ஒண்ணுமே இல்லையே!"

கிறுக்கல் அவசரப்படவில்லை. வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தாலே கொஞ்ச நேரம் கண் தெரியாதே! தலையில் துண்டைப் போர்த்தி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறினாள்.

வெறும் இருட்டு.

"எங்க பாக்கணும் அத்தை?"

"அவங்க சொல்லக் கூடாது," என்றார் செயலாளர். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

கிறுக்கலுக்கு அழுகை முட்டியது. பார்வையைச் சற்று ஒதுக்கினாள். அட! ஓரத்தில் ஏதோ வெளுப்பாக! நேராகப் பார்த்தால் காணோம்.

"கண்ணாமூச்சியா ஆடறே? இரு!"

டீச்சருக்குத் தெரியாமல் ஜன்னலைப் பார்ப்பாளே, அதே ஓரக்கண்ணால் பார்த்தாள். மெல்ல மெல்ல வந்துவிட்டது. கொட்டிய மாவு போல ஒரு திட்டு, கீழே கோணல் வால், இடது பக்கம் ஒரு பொட்டு. தெரிந்ததை அப்படியே கிறுக்கினாள்.

செயலாளர் உறையைக் கிழித்தார். இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். அதே திட்டு! அதே வால்! அதே பொட்டு!

"அத்தை! ஜெயிச்சுட்டோம்!"

அத்தை அவளை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். செயலாளர் அவளுடைய துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து ஏணி உச்சியிலிருந்து ஒரு கத்தல்.

"ஐயோ, இருக்குதும்மா! நிஜமாவே இருக்குது!"

இறங்கியதும் நோட்டைத் திறந்து, தாளே கிழியும்படி 'சந்தேகம்' என்பதை அடித்தார்.