ஏழாம் குறி

மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் அலுவலக முதலாளி மாதவன். அவருக்கு எதிரே, காற்றாடிக்கு நேர் கீழே, மில் மேலாளர் வெள்ளத்துரை. ஜன்னலை ஒட்டிய கணினியின் முன் சத்யபிரியா. கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் யாராவது எழுந்திரிக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல, தங்கச்செல்வி. அந்த மாடி அறையில் இருந்தது இந்த நாலு பேர்தான்.

அப்போதுதான் மணி அடித்தது. கண்ணாடி டம்ளரின் விளிம்பில் நகம் பட்டதுபோல, மெல்ல, ஒரே தடவை. சத்யபிரியா நிமிர்ந்தாள். வெள்ளத்துரை பேசிக்கொண்டே இருந்தார். மாதவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தங்கச்செல்வி தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கணினியின் ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கப்பட்டு மாசக்கணக்காகிறது. அலமாரி மேல் சுருண்டு கிடந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், தன் பெயரைச் சொல்லும்படி சத்யபிரியா செய்திருந்த வேலை ஒன்றுதான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் நிரல்களுக்கு உதவியாக ஒரு லைப்ரரி, துணை நிரல்களின் தொகுப்பு. எழுத்தைச் சிவப்பாக்க ஒன்று, வரியை அழிக்க ஒன்று, கர்சரை ஒரு வரி மேலே ஏற்ற ஒன்று என்று சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றும் திரைக்கு ஒரு குறியை அனுப்பும். குறி கண்ணுக்குத் தெரியாது. அது சொன்ன காரியம் மட்டும் நடக்கும். அவற்றில் ஏழாம் எண் குறி மணிக்கானது. அதை அனுப்பினால் எழுத்து வராது, நிறம் மாறாது. சத்தம் மட்டும் வரும்.

அந்த லைப்ரரியை வைத்துத்தான் திருச்சுழி ரோட்டு மில்லின் பஞ்சுக் குடோனுக்கு, சூட்டைக் கண்காணிக்கும் நிரலை மாதவன் செய்து கொடுத்திருந்தார். சூடு ஏறினால் எழுத்து சிவக்கும், மணி அடிக்கும். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், பொதியை அடுக்கு, மணி கேட்டால் வெளியே ஓடிவிடு என்று காவலாளி கோட்டைச்சாமியிடம் சொல்லியிருந்தார்கள். போன வாரம் குடோன் எரிந்தது. கடைசி வரிசைப் பொதிகளுக்கு நடுவே கோட்டைச்சாமி கிடந்தார். அவர் மனைவிதான் தங்கச்செல்வி.

வெள்ளத்துரைக்கு வேண்டியது ஒரு கடிதம். மணி ஒழுங்காக அடித்தது என்று நிரல் எழுதியவர்கள் கையெழுத்துப் போட்டு விருதுநகரில் விசாரிக்கும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டால், தூங்கிப்போன காவலாளியின் தவறு என்று விஷயம் முடிந்துவிடும். இல்லாவிட்டால் மில்லுக்குப் பூட்டு விழும். அதன் பின்னாலேயே இந்த மாடிக்கும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, அறையைச் சுற்றிப் பார்த்த பார்வையால் சொன்னார்.

"டீக்கு மட்டும் கூப்புடாமலே வந்துருவாப்ல," என்றார். "மணிக்குத்தான் காது கேக்கல போல."

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்செல்வி குனிந்தபடியே பேசினாள்.

"அவுக தூங்குற ஆளு இல்லங்க. வீட்லயே கோழித்தூக்கந்தான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், தூங்கிச் செத்தாருன்னு மட்டும் எழுதிராதீக. எம் மகள இப்பவே பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சி பிள்ளைன்னுதான் கூப்புடுதுக."

நிரலின் எந்தப் பகுதியை யார் எழுதினார்களோ, அதைப் பற்றிய கடிதத்தையும் அவர்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். சத்யபிரியாவுக்கு அது இதுநாள்வரை பெருமையாகவே இருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்க எழுதுவதை மல்லாங்கிணற்றுப் பள்ளியிலேயே அவள் நன்றாகக் கற்றிருந்தாள். மாதவன் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

ஆண்கள் இருவரும் டீக்கடைக்கு இறங்கினார்கள். தங்கச்செல்வி திருச்சுழி பஸ்ஸுக்காக ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் உட்காருவதாகச் சொல்லிவிட்டு, சத்யபிரியாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிட்டில் சத்யபிரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கோப்பைத் திறந்தாள். மணிக்கான ஃபங்ஷன் மூன்றே வரி. இரண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்பது திறக்கும் முன்பே அவளுக்குத் தெரியும். தீ விபத்தைக் கேள்விப்பட்ட நிமிஷத்திலிருந்தே தெரியும். கீழே, நூல் கடைக்குப் பின்கட்டில் குடியிருப்பவர் மாதவனின் அம்மா ராமலட்சுமி. லைப்ரரியைச் சோதிக்கச் சோதிக்க நாளெல்லாம் மணி அடித்தது. ஒரு மத்தியானம் அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, செத்த நேரம் கண்ணசர விடும்மா என்று கேட்டுக்கொண்டார். இவள் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டிக்குள்ளிருந்தும் சத்தம் வந்தது. அதனால் ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வரி சேர்த்தாள்: குறியை அனுப்பாமல் திரும்பிவிடு. மில்லுக்குக் கொடுக்கும்போது எடுத்துவிடலாம் என்றிருந்தாள். எடுக்கவில்லை. பிழை ஏதும் வராததால், மணியும் சரி என்று சோதனை பச்சை காட்டியது. காது கொடுத்துக் கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் விரல் தானாகவே போய் அந்த வரியை அழித்தது. அழித்துச் சேமித்த பிறகுதான், என்ன செய்தோம் என்பது உறைத்தது. முகம் காந்தியது. செத்தவரை நினைத்து அழுவதற்கு முன்பே கைக்குத் தடயத்தை அழிக்கத் தெரிந்திருக்கிறது.

மணி அடித்தது.

இந்தத் தடவை அறைக்குள் இல்லை, கீழே, படிக்கட்டின் அடியில். சாயங்கால வெயில் கரிசல் புழுதியோடு ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்து, சுவரில் காற்றாடியின் நிழலைப் பெரிதாக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே நூல் கடையில் பேட்டரி ரேடியோ கரகரத்தது. அவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத்துணியை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வைத்ததுபோல ஒரு கருகல் வாசனை, முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகவும், பிறகு தொண்டையில் பஞ்சாக ஒட்டிக்கொண்டும், படி வழியாக ஏறி வந்தது.

கரண்டு போனது. காற்றாடியின் நிழல் வேகம் குறைந்து நின்றது.

மறுபடி மணி. படியின் திருப்பத்தில். அவசரமே இல்லாமல், ஒழுங்காக இடைவெளி விட்டு. அன்று அடிக்காமல் அவள் விழுங்க வைத்த மணிகள்தான். அது எப்படித் தெரிந்தது என்று அவளால் சொல்ல முடியாது. தெரிந்தது.

காலடிச் சத்தம் கேட்டுக் கத்தப் போனாள். மாதவன். கையில் பேப்பர் கப்பில் அவளுக்கும் ஒரு டீ. கரண்டு வர நேரமாகும், கையாலேயே எழுதிவிடு, கூரியர்க்காரரை வரச் சொல்லியாச்சு என்றார். கருகல் வாசனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால், கதவுநிலையில், மணி அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், அந்த மணி…"

"என்னம்மா?"

சொல்லிவிடலாம். வாய் திறந்தே இருந்தது. மாதவன் டீயை நீட்டியபடி காத்திருந்தார்.

"மணி அடிச்சிருக்கும்னு எழுதவா சார், அடிச்சதுன்னு எழுதவா?"

தன் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அடிச்சதுன்னே எழுதும்மா," என்றார் மாதவன், டீயை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அனுப்புநர். பெறுநர். பொருள். எழுத்து கோணவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மணி. பிடரி மயிர் சிலிர்த்தது. திரும்பவில்லை. எழுதினாள். வலது காதோரம் மணி. சூடு. யாரோ குனிந்து படிப்பதுபோல ஒரு சூடு. பேனா வழுக்கியது. துடைத்துக்கொண்டாள். எழுதினாள்.

'எச்சரிக்கை மணி உரிய நேரத்தில் அடித்தது.'

மணி நின்றுவிட்டது.

ரேடியோ இல்லை. ரோட்டுச் சத்தம் இல்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல. மாதவனின் உதடு அசைந்தது. கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டாள். மடித்தாள். உறைக்குள் வைத்தாள். கோந்து தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கூரியர்க்காரர் வந்தார். வாங்கிக்கொண்டார். போனார்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். கீழே கூரியர்க்காரர் வண்டிப் பையில் உறையைச் செருகிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் தங்கச்செல்வி. பஸ் வரும் திக்கையே பார்த்தபடி. அவளை ஒட்டி, தோளோடு தோளாக, ஒருவர். காக்கிச் சட்டை. தலையிலும் கையிலும் கறுத்த பஞ்சு, திட்டுத் திட்டாக. தங்கச்செல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு லாரி போனது. புழுதி எழுந்து பெஞ்சை மூடியது. தங்கச்செல்வி முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவர் பொத்தவில்லை. புழுதி அடங்கியது. அதே பார்வை. சிமிட்டல் இல்லை. கோபமும் இல்லை. முழுக்க விழித்திருக்கும் கண்கள். இவ்வளவு தூரத்திலிருந்து வெள்ளை விழி எப்படி முழு வட்டமாகத் தெரிகிறது என்று அவள் யோசித்தாள். பிறகு தெரிந்தது.

மூடுவதற்கு அவருக்கு இமைகள் இல்லை.

கூரியர்க்காரர் வண்டியை உதைத்தார். பெஞ்சுக்கு முன்னால் திரும்பி, விருதுநகர் ரோட்டில் கடிதத்தோடு போனார்.