பெரியம்மா போட்ட ஊசி

விடிந்தும் விடியாததுமாக இளைய மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். எல்லாரும் ‘உருண்டை’ என்று கூப்பிடுகிற அந்த ஒன்றரை வயதுப் பையனின் தொடையில், நேற்று தடுப்பூசி போட்ட இடம் தடித்துச் சிவந்து, சுற்றிலும் பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது.

ஊசி போட்டது மூத்த மருமகள். தடுப்பூசி நிலையத்தில் நர்ஸ். பிள்ளையில்லாதவள். யார் பிடித்தாலும் திமிறுகிற உருண்டை அவள் மடியில் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்குவான் என்று வீட்டாரேதான் அவளை ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

“லேசான தடிப்புதான், தானா அடங்கிடும்” என்று குனிந்த மூத்தவளுக்குத் தைல வாடை குப்பென்று அடித்தது. எதையும் தேய்க்காதே என்று இளையவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளே...

“யாரு என்ன பண்ணீங்க?” கொழுந்தன் உறுமிக்கொண்டு வந்தான். இளையவளின் முகம் வெளுத்தது. அவள் கண்கள் மூத்தவளைக் கெஞ்சின.

“நான் போட்டதுல ஏதோ பிசகு போல” என்றாள் மூத்தவள்.

“பெத்தவளுக்குத்தானே தெரியும் பிள்ளையோட அருமை” என்றாள் மாமியார். “இனிமே அவனைத் தொடாதே.”

சில நாளில் பொரி அடங்கியது. மாமியார் போட்ட தடை நீங்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் இளையவள் பிள்ளைக்கு ஊட்டுவது தினமும் கேட்டது.

“வாயைத் திற. இல்லேன்னா பெரியம்மா வந்து ஊசி போட்டுடுவாங்க.”

ஒவ்வொரு வாய்க்கும் அதே மிரட்டல். மூத்தவளுக்கு நெஞ்சு வெந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

பிறகு ஒருநாள், சளிக்காகப் போன இடத்தில் டாக்டர் தொடையில் தோல் உரிந்த தடத்தைப் பார்த்தார். “ஊசியால இப்படி உரியாது. என்ன தேய்ச்சீங்க?” புருஷன் எதிரிலேயே இளையவள் உடைந்துபோனாள்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவளின் காலைப் பிடித்தாள். “அக்கா, நான்தான் தைலம் தேய்ச்சேன்... அடிப்பாரோன்னு பயந்து வாயைத் திறக்கலை. பாவி நான்.”

“என் நாக்குல தீயை வைக்க...” மாமியார் அழுதுகொண்டே பேரனை நீட்டினாள். “வாங்கிக்கம்மா. இவன் உன் பிள்ளை.”

மூத்தவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

உருண்டை வீறிட்டான். “ஊசி வேணாம்... பெம்மா வேணாம்...” குட்டிக் கைகள் இரண்டாலும் தொடையைப் பொத்திக்கொண்டு பாட்டியின் கழுத்தில் முகம் புதைத்தான்.

மூத்தவள் நீட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அவனை அழ வைக்காதீங்க அத்தை. உள்ளே தூக்கிட்டுப் போங்க” என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.